பழைய பொம்மையும் புதிய வியாபாரமும்

நம் பகுதிக் கடைகளில் பொம்மை என்பது திருவிழாச் சரக்கு. சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு சனீஸ்வர பகவான் சந்நிதிக்கு வரும் கூட்டம், சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சிக்குத் திரளும் பெருங்கூட்டம், காரைக்கால் மாங்கனித் திருவிழா, நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணி செப்டம்பர் விழா ஆகியவற்றை நம்பித்தான் சென்னையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பொம்மை எடுக்கிறோம். விழா முடிந்ததும் மிஞ்சியது பரணுக்குப் போகிறது. பல வருடம் கழித்துக் கடைக்கு வெள்ளையடிக்கும்போது அதே மூட்டை காயலான் கடைக்குப் போகிறது. கிலோவுக்குக் கிடைத்தது லாபம் என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

அப்படி எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. பழைய வீரர் பொம்மைகளைத் தேடி வாங்குவோர் நாட்டின் பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். 1980களின் கடைசியிலும் 1990களிலும் சிறுவராக இருந்தவர்கள் இன்று சம்பாதிக்கும் வயதில் இருக்கிறார்கள். அன்று தூர்தர்ஷனில் ஹீ-மேன் பார்த்துவிட்டு, அந்தப் பொம்மை வேண்டும் என்று கடை வாசலில் அழுத பிள்ளைதான் இன்று அதைக் கேட்ட விலை கொடுத்து வாங்குகிறது. இதைத் தெரிந்துகொண்ட இளம் வியாபாரிகள் சிலர் நாமும் வாங்கி விற்றால் என்ன என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம் என்பதே நம் கருத்து. ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலில் சேகரிப்பவரைப் போலக் கற்றுக்கொண்டு பிறகு வியாபாரியாக இறங்க வேண்டும். அடுத்து, விவரம் தெரியாதவரிடம் வாங்கும்போது உண்மையான மதிப்பை அவரிடம் சொல்லிவிட்டு வாங்க வேண்டும்.

எந்தப் பொம்மைக்கு மதிப்பு?

கை, கால், இடுப்பு மடங்கும் இந்த வீரர் பொம்மைக்கு வழிகாட்டி அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ. சுமார் ஓரடி உயரம். 'டால்' என்று சொன்னால் ஆண் பிள்ளைகள் வாங்கமாட்டார்கள் என்பதற்காகவே 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற புதுப்பெயரை வைத்தார்கள். பெயர் வைப்பதிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம். 1978இல் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை 3¾ அங்குலத்தில் செய்து பெரும் வெற்றி கண்டது. 1982இல் ஜி.ஐ. ஜோவும் அதே அளவுக்கு மாறியது. அதே ஆண்டில் மேட்டல் நிறுவனத்தின் ஹீ-மேன் வரிசையும் வந்தது.

நமக்கு நெருக்கமான கதை 1987இல் தொடங்குகிறது. சென்னையின் எம்.ஆர்.எப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாகத் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டு ஜி.ஐ. ஜோ பொம்மைகளை இந்தியாவிலேயே தயாரித்தது. அச்சு ஒன்றே, ஆனால் பிளாஸ்டிக்கின் நிறமும் மேலே அடித்த வர்ணமும் அமெரிக்கப் பொம்மையிலிருந்து பல இடங்களில் மாறி வந்தன. அன்று நாம் அதைக் கவனித்திருக்கமாட்டோம். இன்று அந்த நிற மாற்றமே வெளிநாட்டுச் சேகரிப்பாளரை இழுக்கிறது. அங்கே கிடைக்காத நிறம் இங்கே மட்டும்தான் உண்டு. அதுபோலவே இந்தியாவில் லியோ என்ற பெயரில் வந்த ஹீ-மேன் வரிசையையும் தேடுகிறார்கள்.

காரைக்கால் வட்டாரத்துக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் விலகிய பிறகும் பிரான்சுடன் உறவு அறாத குடும்பங்கள் இங்கே உண்டு. விடுமுறைக்கு வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த பொம்மைகள் பழைய பெட்டிகளில் கிடக்கலாம். 1970களின் பிற்பகுதியில் ஜி.ஐ. ஜோவின் பிரெஞ்சு வடிவமாக 'ஆக்‌ஷன் ஜோ' என்ற பொம்மை அங்கே விற்றது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பேரனிடம் விளையாடக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

இதைப் படித்துவிட்டுப் பரணில் புதையல் இருப்பதாகக் கனவு காண வேண்டியதில்லை. 2024இல் ஸ்டார் வார்ஸ் வரிசையின் போபா ஃபெட் பொம்மை ஒன்று அமெரிக்க ஏலத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் போனது உண்மைதான். அது கடைச் சரக்கன்று. முதுகிலிருந்து சிறு ஏவுகணை பாயும்படி 1979 வாக்கில் கென்னர் செய்து பார்த்த மாதிரிப் பொம்மை. வேறொரு நிறுவனத்தின் ஏவுகணை பொம்மையால் குழந்தை ஒன்று மூச்சடைத்து இறந்ததை அடுத்து, அந்த அமைப்பைக் கைவிட்டு, ஏவுகணையை அசையாமல் பொருத்தித்தான் கடைக்கு விட்டார்கள். கைவிட்ட மாதிரிகளில் தப்பிய சிலவற்றுக்குத்தான் அந்த விலை. கடைக்கு லட்சக்கணக்கில் வந்த பொம்மைக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் பொருந்தாது.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

பழையது என்பதால் மட்டும் எந்தப் பொம்மைக்கும் விலை இல்லை. முழுமைதான் விலை. பொம்மையோடு வந்த துப்பாக்கி, தொப்பி, முதுகுப்பை, நிற்க வைக்கும் அடித்தட்டு எல்லாம் சேர்ந்திருந்தால் ஒரு மதிப்பு. வெறும் உடல் மட்டும் இருந்தால் அதில் ஒரு பங்குதான். சிறுசிறு சாமான்கள்தான் முதலில் தொலைந்து போகின்றன. ஆகையால் வீட்டுச் சரக்கு வாங்கும்போது பெட்டியின் அடியில் கிடக்கும் தூசியையும் குப்பையையும் சலித்துப் பாருங்கள். தூக்கியெறியப் போகும் விரலளவு பிளாஸ்டிக் துண்டுதான் பொம்மையின் பாதி விலையாக இருக்கக்கூடும்.

அடுத்து உடலைப் பார்க்க வேண்டும். ஜி.ஐ. ஜோ பொம்மையின் மேலுடலையும் கால்களையும் உள்ளே ஒரு ரப்பர் வளையம் பிடித்திருக்கிறது. வருடக்கணக்கில் அது காய்ந்து அறுந்துபோகும். இடுப்பு தளர்ந்து இரண்டாகக் கிடந்தால் பொம்மை உடைந்ததாக எண்ண வேண்டாம். முதுகுத் திருகாணியைக் கழற்றிப் புது வளையம் போட்டால் சரியாகிவிடும். விற்கும்போது வளையம் மாற்றியதைச் சொல்லிவிட்டால் போதும். சரி செய்ய முடியாதவை வேறு: துப்பாக்கியைத் திணித்ததால் முறிந்த கட்டைவிரல், முழங்கையில் விரிசல், இடுப்புத் துண்டின் நடுவில் முறிவு, முகத்தில் தேய்ந்த வர்ணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை இறங்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருந்தாலும் இறங்கும்.

உடலில் பொறித்திருக்கும் ஆண்டைப் பார்த்து ஏமாறுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அது அந்த உருவத்தின் உரிமை பதிவான ஆண்டு. அச்சைப் பல வருடம் பயன்படுத்துவார்கள். 1985 என்று பொறித்த பொம்மை 1995இல் வார்த்ததாக இருக்கலாம். எங்கே, எப்போது செய்தது என்பதை நிறம், வர்ணம், அட்டை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிளிஸ்டர் அட்டை பிரிக்காமல் இருந்தால் மதிப்பு பல மடங்கு. அங்கேதான் மோசடியும் அதிகம். அட்டையை நகலெடுத்து, பழைய பொம்மையை உள்ளே வைத்து, புதுக் குமிழியை ஒட்டி விற்பவர்கள் உண்டு. குமிழியின் ஓரத்தில் புதுப்பசை வழிந்திருக்கிறதா, எழுத்தின் விளிம்பு மங்கலாக இருக்கிறதா, முப்பது வருட அட்டை நேற்று அடித்ததுபோல் மின்னுகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். தொலைந்த துப்பாக்கிக்கு மாற்றாகப் புதிதாக வார்த்த துப்பாக்கியும் சந்தையில் கிடைக்கிறது. அதை மாற்று என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பழைய துப்பாக்கி என்று சொன்னால் அது கலப்படம். மிளகில் பப்பாளி விதை கலந்தவனுக்கும் இவனுக்கும் வேறுபாடு கிடையாது.

விலையை எப்படிக் கட்டுவது?

இணையத்தில் ஒரு பொம்மைக்கு இருபதாயிரம் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நம்மிடம் இருப்பதும் இருபதாயிரம் என்று முடிவு கட்டுவது பேதைமை. அது கேட்கும் விலை. விற்ற விலை வேறு. நெல் மண்டியில் விற்றவன் சொன்ன விலையையா எழுதுகிறோம்? கைமாறிய விலையைத்தானே எழுதுகிறோம்? இதிலும் அப்படியே. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றைத் தனியாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதை மட்டும் பாருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுமையான ஒரு பொம்மை ஐந்து முறை விற்ற விலை 2,600, 1,900, 1,800, 1,700, 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டால் நடுவில் உள்ள மூன்றின் சராசரி 1,800. நம் கையில் இருப்பதில் துப்பாக்கியும் பையும் இல்லை. பாதிக்குப் பாதி கழித்தால் 900. பெட்டி, தபால், தளத்தின் கமிஷன் ஆகியவற்றுக்கு 200 போனால் 700. இதை விற்க ஒரு வாரமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். முதல் முடங்கும் வட்டியையும் நம் உழைப்பையும் வைத்துப் பார்த்தால் 350லிருந்து 400 வரை கொடுத்து வாங்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் நமக்கு நஷ்டம். அதற்கு மிகக் குறைவாகக் கொடுத்தால் விற்கிறவருக்கு அநியாயம்.

முதல் ஆண்டில் ஒரே வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபன்ஸ்கூல் என்றால் ஃபன்ஸ்கூல் மட்டும். கடை முதலைத் தொடாமல், போனாலும் வருந்தாத தொகையில் இறங்குங்கள். வாங்கியது, விற்றது, தேங்கியது அனைத்தையும் தனிப் பேரேட்டில் எழுதுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடுவது நம் பெரியவர்கள் காட்டிய வழியன்று.

கடற்கரைக் காற்றும் பிளாஸ்டிக்கும்

வாங்கியதைக் காப்பாற்றத் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வீண். நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டை வளைந்து பூஞ்சை பிடிக்கும், திருகாணி துருவேறும், ராமபாணப் பூச்சி காகிதத்தை அரிக்கும். ஆகவே தரையிலும் சுவரையொட்டியும் வைக்காமல், மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மெல்லிய பி.வி.சி. உறையில் வைத்தால் உறையும் பொம்மையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுக்கும். அழுக்கு போக இளஞ்சோப்புத் தண்ணீர் போதும். தின்னர், ஸ்பிரிட் போட்டால் வர்ணம் கையோடு வந்துவிடும். மஞ்சளை வெளுக்க வைக்கும் மருந்தடிப்பும் செய்கிறார்கள். அதைச் சேகரிப்பாளர் பலர் விரும்புவதில்லை. செய்திருந்தால் சொல்லிவிட வேண்டும்.

தெரியாதவரிடம் வாங்கும்போது

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருவோம். இந்தச் சரக்கு மொத்த மார்க்கெட்டில் கிடைப்பதன்று. வீடுகளிலிருந்துதான் வரும். பிள்ளை வெளியூர் போய்விட்டான். வீட்டைக் காலி செய்கிறார்கள். ஒரு பெரியம்மா பெட்டியோடு கொண்டுவந்து "எடுத்துக்கிட்டு ஏதாவது குடுங்க தம்பி" என்கிறார். அவருக்கு அது பழைய பிளாஸ்டிக். நமக்கு அதில் ஐயாயிரம் ரூபாய் இருப்பது தெரியும். ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் அவர் வாழ்த்திவிட்டுத்தான் போவார். சட்டம் நம்மைத் தடுக்காது. என்ன செய்வது?

கொள்முதலில்தான் லாபம் என்பது வியாபாரப் பாடம். அறிவுக்கும் அலைச்சலுக்கும் கூலி வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கூலி வேண்டும்தான். மேலே போட்ட கணக்கில் பாதியை நமக்கு ஒதுக்கியது அதற்காகவே. ஆனால் அரிசி, பருப்பு வாங்கும்போது இரு தரப்புக்கும் சந்தை விலை தெரியும். இங்கே ஒருவருக்கு மட்டுமே தெரியும். அந்த அறியாமையை லாபமாக்குவது வியாபாரமாகாது. இன்னொன்றும் உண்டு. இந்த விலைகள் யார் கைப்பேசியிலும் தெரியும் காலம் இது. வெளியூரிலிருந்து மகன் வந்து பார்த்துவிட்டுக் கடை வாசலில் நின்று கேட்டால், ஐம்பது ரூபாயில் சம்பாதித்ததைவிடப் பெயரில் இழந்தது அதிகமாக இருக்கும். நம் திருநள்ளாறு சிறிய ஊர். எள்ளும் நல்லெண்ணெயும் கறுப்புத் துணியும் நம்மிடம் நம்பி வாங்கும் பக்தர்கள் தராசைச் சந்தேகிக்க ஆரம்பித்தால் அது ஒரு கடையோடு நிற்காது.

ஆகவே நாம் சொல்லும் வழி இது. மதிப்பு ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால், "இது விற்றால் இவ்வளவு போகும், நான் இவ்வளவு தருகிறேன்" என்று சொல்லி, விற்கக்கூடிய தொகையில் பாதிக்குக் குறையாமல் கொடுத்து வாங்குங்கள். அதற்கு மேல் மதிப்பு என்றால் வாங்காதீர்கள். கமிஷனுக்கு எடுத்து விற்றுக் கொடுங்கள். என்ன பொருள், என்ன குறை, குறைந்தபட்ச விலை, நம் கமிஷன், எந்தத் தேதிக்குள் என்ற ஐந்தும் எழுதிய சீட்டு ஆளுக்கொன்று. நம் முதலும் முடங்காது, அவருக்கும் நியாயமான தொகை போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சங்க உறுப்பினர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அச்சிட்ட விலை. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, பொட்டலத்தில் அச்சிட்ட சில்லறை விலைக்கு மேல் சில்லறை வியாபாரி விற்கக் கூடாது. நம் பரணில் பிரிக்காமல் கிடக்கும் அட்டையில் 45 ரூபாய் என்று அச்சிட்டிருந்தால், சேகரிப்பாளர் இரண்டாயிரம் தர முன்வந்தாலும் நாம் கடையில் வைத்து வாங்கிக்கொள்ளலாமா? இதற்கு எடையளவுத் துறையிடம் எழுத்து மூலமான விளக்கம் பெறும்வரை அப்படி விற்க வேண்டாம் என்பது நம் யோசனை. வீடுகளிலிருந்து வரும், அட்டையும் பெட்டியும் இல்லாத பொம்மையில் அச்சிட்ட விலையே இருக்காது.

இரண்டாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2020ஆம் ஆண்டின் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பழைய பொம்மையில் அது இருக்காது. அதன் வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். உதிரும் சிறு பாகம் தொண்டையில் அடைக்கலாம். ஆகையால் பழைய பொம்மையைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் தட்டில் வைக்கவோ விளையாட்டுச் சாமானாக விற்கவோ வேண்டாம். 'சேகரிப்புக்கு மட்டும்' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினால் பொறுப்பு தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். இதற்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் விளக்கம் தேவை.

மூன்றாவது, வரி. பழைய பொருளை வாங்கி, உள்ளீட்டு வரி எடுக்காமல், தன்மை மாறாத சிறு செப்பனிடலோடு விற்பவர், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட மத்திய ஜி.எஸ்.டி. விதி 32(5) இடம் தருகிறது. வாங்கிய விலையைக் காட்ட ஆதாரம் இருந்தால்தான் இது பயன்படும். நேர்மைக்காகச் சொன்ன அந்தச் சீட்டு வரிக்கும் உதவுகிறது என்பதைக் கவனியுங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

அச்சிட்ட விலை குறித்தும் ஐ.எஸ்.ஐ. முத்திரை குறித்தும் உரிய துறைகளுக்குக் கடிதம் எழுதி, பதிலை எல்லா உறுப்பினருக்கும் சுற்றுக்கு விட வேண்டும். கொள்முதல் சீட்டுக்கும் கமிஷன் சீட்டுக்கும் ஒரே மாதிரிப் படிவத்தைச் சங்கமே அச்சடித்துத் தரலாம். மாற்றுத் துப்பாக்கியைப் பழையது என்று விற்றவர் மீது புகார் வந்தால், பணத்தைத் திருப்பித் தரச் செய்ய ஒரு சிறு குழு போதும்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. வரும் மழைக்காலத்துக்கு முன் பரணில் இருக்கும் பழைய பொம்மை மூட்டையை இறக்கிப் பிரியுங்கள். அட்டை பிரிக்காதவை ஒருபுறம், முழுமையானவை ஒருபுறம், உதிரிச் சாமான் ஒரு டப்பாவில் என்று தனித்தனியாக வையுங்கள். பட்டியல் எழுதுங்கள். எடைக்குப் போடுவது என்றால் அதற்குப் பிறகு போடலாம்.